மேற்குக் கரையின் வறுமை மண்ணில் பிறந்ததல்ல

ரமல்லாவுக்கு வடக்கே ஒரு மலைச்சரிவில் ரவாபி என்ற புதிய நகரம் இருக்கிறது. பாலஸ்தீனர்கள் தாங்களே திட்டமிட்டு, அடித்தளம் முதல் எழுப்பிய முதல் நவீன நகரம் அது. பஷார் அல்-மஸ்ரி என்ற பாலஸ்தீனத் தொழிலதிபரின் முனைப்பும் கத்தார் நாட்டு முதலீடும் சேர்ந்து 2010இல் வேலை தொடங்கியது. 40,000 பேர் குடியிருக்க வேண்டும் என்பது திட்டம். ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குப் பிழைப்பு கிடைத்தது. உள்ளூர்க் கல்லால் அழகுபடுத்திய அடுக்குமாடிகள் வரிசையாக எழுந்தன. வீடு வாங்கியவர்கள் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். எல்லாம் தயாராகியும் தண்ணீர் மட்டும் வரவில்லை.

குழாய் வரும் வழியில் ஒரு துண்டு நிலம் இஸ்ரேல் ராணுவ நிர்வாகத்தின் கீழ் இருந்தது. அதைக் கடக்க வேண்டுமானால் இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் அடங்கிய கூட்டு நீர்க் குழு ஒப்புதல் தர வேண்டும். அந்தக் குழுவோ 2010க்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் கூடவே இல்லை. தங்கள் திட்டங்களுக்கு அனுமதி வேண்டுமென்றால் யூதக் குடியேற்றங்களின் நீர்த் திட்டங்களுக்கும் ஒப்புதல் தர வேண்டும் என்ற நிலையைப் பாலஸ்தீனர்கள் ஏற்க மறுத்ததே அதற்குக் காரணம். கடைசியில் 2015 பிப்ரவரியில் இஸ்ரேல் அரசு இசைவு தந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் முதல் குடும்பங்கள் குடிவந்தன.

பணம் இருந்தது, கல் இருந்தது, உழைக்கக் கைகள் இருந்தன, வாங்க ஆள் இருந்தது. இல்லாமல் போனது ஒரு கையெழுத்து. மேற்குக் கரை ஏன் ஏழையாக இருக்கிறது என்று கேட்பவர்கள் ரவாபியிலிருந்து தொடங்க வேண்டும். அங்குள்ள வறுமை மண்ணின் குறையால் வந்ததல்ல, மக்களின் சோம்பலால் வந்ததும் அல்ல. அது அனுமதி மறுப்பால் உண்டாக்கப்பட்டது. இதைப் புரிந்துகொள்ளாமல் கொட்டப்படும் எந்த நிதியுதவியும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான்.

மலையும் பள்ளத்தாக்கும்

மேற்குக் கரையின் பரப்பு சுமார் 5,650 சதுர கிலோமீட்டர். வடக்கிலிருந்து தெற்கே 130 கிலோமீட்டர் நீளம். இந்தச் சிறு நிலத்துக்குள் இயற்கை வைத்திருக்கும் வேறுபாடு வியக்க வைப்பது. நடுவே முதுகெலும்பு போல ஒரு மலைத்தொடர். நாப்லுஸ், ரமல்லா, ஜெருசலேம், பெத்லஹேம், ஹெப்ரான் எல்லாம் அதன் மீதுதான் அமர்ந்திருக்கின்றன. ஹெப்ரானுக்கு அருகில் அந்த மலை கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டரைத் தாண்டுகிறது. அங்கிருந்து கிழக்கே இறங்கினால் ஜோர்டான் பள்ளத்தாக்கு. எரிகோ நகரம் கடல் மட்டத்துக்குச் சுமார் 250 மீட்டர் கீழே இருக்கிறது. சாக்கடலின் கரை அதற்கும் கீழே, 400 மீட்டருக்கு மேலான ஆழத்தில்.

மலையின் மேற்குச் சரிவில் நல்ல மழை. அங்கே ஆலிவும் திராட்சையும் அத்தியும் விளைகின்றன. கிழக்கே மழை குறைவு. ஆனால் ஊற்றுகள் உண்டு, ஆண்டு முழுவதும் வெயில் உண்டு. குளிர்காலத்திலும் காய்கறி விளையும். மெஜூல் பேரீச்சை செழிக்கும். மலையின் வயிற்றில் உலகம் விரும்பி வாங்கும் வெண் சுண்ணாம்புக்கல். சாக்கடலில் பொட்டாஷும் புரோமினும். நாப்லுஸில் ஆலிவ் எண்ணெய்ச் சோப்பு, ஹெப்ரானில் தோல், காலணி, கண்ணாடி எனத் தலைமுறைகளாகக் கைமாறிவந்த தொழில்கள். முதல் உலகப் போர்க் காலத்திலேயே ஜெனினுக்கும் நாப்லுஸுக்கும் ரயில் வந்துவிட்டது. 1960களில் கலந்தியா விமான நிலையத்திலிருந்து பெய்ரூட்டுக்கும் அம்மானுக்கும் பயணம் போனார்கள். இன்று மேற்குக் கரைப் பாலஸ்தீனர்களுக்கு ரயில் இல்லை, விமான நிலையம் இல்லை, துறைமுகம் இல்லை. உலகத்துக்குப் போக அவர்களுக்கு இருக்கும் வழி ஜோர்டான் ஆற்றின் மீதுள்ள அலன்பி பாலம் ஒன்றுதான். அதைத் திறப்பதும் மூடுவதும் இஸ்ரேல்.

மூன்று எழுத்துகள்

1967 போரில் ஜோர்டானிடமிருந்து இஸ்ரேல் கைப்பற்றிய நிலம் இது. 'தகராறுக்கு உட்பட்ட பகுதி' என்று இஸ்ரேல் சொல்கிறது. 'ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி' என்று சர்வதேச நீதிமன்றம் 2004இல் சொன்னது. 2024 ஜூலை 19 அன்று அதே நீதிமன்றம், இஸ்ரேலின் தொடர்ச்சியான இருப்பே சட்டவிரோதம் என்று கருத்துரைத்தது. பெயரைப் பற்றிய விவாதம் நீதிமன்றங்களில் நடக்கட்டும். ஒரு விவசாயியின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது 1995ஆம் ஆண்டின் இரண்டாம் ஆஸ்லோ ஒப்பந்தம் நிலத்தின் மீது எழுதிய மூன்று எழுத்துகள்: ஏ, பி, சி.

ஏ பகுதி பெரிய நகரங்கள். நிலத்தில் சுமார் 18 சதவீதம். நிர்வாகமும் காவலும் பாலஸ்தீனர்களின் சுயாட்சி அமைப்பான பாலஸ்தீன ஆணையத்திடம். பி பகுதி 22 சதவீதம். நிர்வாகம் பாலஸ்தீனர்களிடம், பாதுகாப்பில் இறுதி அதிகாரம் இஸ்ரேலிடம். எஞ்சிய 60 சதவீதம் சி; எல்லாம் இஸ்ரேலிடம். ஐந்தாண்டு இடைக்கால ஏற்பாடு என்று சொல்லித் தொடங்கியது, முப்பது ஆண்டுகளாக நீடிக்கிறது.

சதவீதத்தைவிட முக்கியம், அந்த நிலம் எப்படிக் கிடக்கிறது என்பது. ஏ, பி பகுதிகள் 160க்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. அத்தனை துண்டுகளையும் சூழ்ந்து, இடைவெளி விடாமல் பரந்திருப்பது சி பகுதி. விளைநிலம், மேய்ச்சல் நிலம், கல்குவாரி, சாக்கடல் கரை எல்லாம் பெரும்பாலும் அதில்தான். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை போட்டாலும் குழாய் பதித்தாலும் மின்கம்பி இழுத்தாலும் சி பகுதியைத் தொடாமல் முடியாது. எனவே 60 சதவீத நிலத்தை வைத்திருப்பவர் மிச்சம் 40 சதவீதத்தின் வளர்ச்சியையும் தன் கையில் வைத்திருக்கிறார்.

சி பகுதியில் வீடோ ஆட்டுப்பட்டியோ கட்ட வேண்டுமானால் இஸ்ரேல் ராணுவத்தின் சிவில் நிர்வாகத்திடம் அனுமதி பெற வேண்டும். 2016 முதல் 2018 வரை பாலஸ்தீனர்கள் கொடுத்த 1,485 விண்ணப்பங்களில் அனுமதி கிடைத்தவை 21. அனுமதி இல்லாமல் கட்டினால் புல்டோசர் வரும். வெளிநாட்டு நன்கொடையில் கட்டிய பள்ளிக்கூடங்களும் சூரிய மின்தகடுகளும்கூட இதற்குத் தப்பவில்லை. இதே சி பகுதியில்தான் சுமார் 5 லட்சம் இஸ்ரேலியர்களின் குடியேற்றங்கள் நீச்சல் குளங்களோடும் தொழிற்பேட்டைகளோடும் வளர்ந்திருக்கின்றன.

இந்தக் கட்டுப்பாட்டின் விலையை உலக வங்கி 2013இல் கணக்கிட்டது. சி பகுதியில் பாலஸ்தீனர்கள் தடையின்றித் தொழில் செய்ய முடிந்தால் ஆண்டுக்கு 340 கோடி டாலர் கூடுதல் வருமானம் கிடைக்கும் என்றது. 2011ஆம் ஆண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அது 35 சதவீதம். உலகம் ஆண்டுதோறும் அனுப்பும் நிதியுதவியைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். அந்த மக்கள் தங்கள் சொந்த நிலத்தில் ஈட்டியிருக்கக்கூடிய பணத்தைப் பற்றி யார் பேசுகிறோம்?

கூரைமேல் கறுப்புத் தொட்டிகள்

மேற்குக் கரையில் தூரத்திலிருந்தே ஒரு பாலஸ்தீன ஊரை அடையாளம் காணலாம். வீட்டுக்கு வீடு கூரைமேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள் நிற்கும். குடியேற்றங்களின் சிவப்பு ஓட்டுக் கூரைகளில் அவற்றைப் பார்க்க முடியாது. குழாயில் எப்போதும் தண்ணீர் வருபவர்களுக்குத் தொட்டி எதற்கு?

மலையின் அடியில் பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. மலை மேற்குக் கரையில் இருக்க, நீரின் பெரும்பங்கு வேறிடம் போகிறது. 1967 போர் முடிந்த சில மாதங்களிலேயே ராணுவ ஆணை 158 வந்தது: அனுமதியில்லாமல் எந்த நீர்க் கட்டுமானமும் கூடாது. 1982இல் மேற்குக் கரையின் நீர் அமைப்பு முழுவதும் இஸ்ரேலின் தேசிய நீர் நிறுவனமான மெகொரோட்டுக்கு ஒரு ஷெக்கல் என்ற பெயரளவு விலைக்குக் கைமாற்றப்பட்டது. ஆஸ்லோ ஒப்பந்தம் பாலஸ்தீனர்களுக்கென்று ஓர் அளவை வரையறுத்தது. முப்பது ஆண்டுகளில் மக்கள்தொகை பெருகியும் அந்த அளவு பழையதாகவே நிற்கிறது. பற்றாக்குறையைப் பாலஸ்தீனர்கள் மெகொரோட்டிடமே விலைக்கு வாங்குகிறார்கள்.

இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பான பெட்செலெம் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, ஓர் இஸ்ரேலியர் நாளொன்றுக்குச் சராசரியாக 247 லிட்டர் பயன்படுத்துகிறார். மேற்குக் கரைப் பாலஸ்தீனருக்கு 82 லிட்டர். குழாய் இணைப்பே இல்லாத கிராமங்களில் 26 லிட்டர். அங்கெல்லாம் டிராக்டரில் வரும் தொட்டித் தண்ணீரைக் குழாய் நீரைவிடப் பல மடங்கு விலைக்கு வாங்கிக் குடிக்கிறார்கள். நீர் இல்லாததால் பாசனம் இல்லை. பாசனம் இல்லாததால் ஜோர்டான் பள்ளத்தாக்கின் வெயிலும் மண்ணும் வீண். அப்படித் தரிசாகக் கிடக்கும் நிலமே பிறகு அரசு நிலம் என்று அறிவிக்கப்பட ஏதுவாகிறது. 1858ஆம் ஆண்டின் ஒட்டோமான் நிலச் சட்டத்தைக் காட்டியே, உழுது பயிரிடப்படாத நிலம் அரசுக்குரியது என்று பல்லாயிரம் ஏக்கர் எடுக்கப்பட்டது. முதலில் தண்ணீரை நிறுத்து, பிறகு வறண்ட நிலத்தை எடு: இந்த வரிசை தற்செயலானது என்று என்னால் நம்ப முடியவில்லை.

இரண்டு லாரிகளுக்கு இடையே

ஹெப்ரானில் ஒருவர் செருப்பு செய்கிறார். அதை ஏற்றுமதி செய்ய இஸ்ரேலின் அஷ்தோத் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும். பாலஸ்தீன லாரி தர்குமியா கடவை வரைதான் போக முடியும். அங்கே சரக்கு முழுவதும் இறக்கப்படும்; சோதிக்கப்படும்; மறுபக்கம் நிற்கும் இஸ்ரேலிய லாரியில் மறுபடி ஏற்றப்படும். இரண்டு லாரிகளுக்கு வாடகை, இரண்டு முறை ஏற்று கூலி, வெயிலில் காத்திருக்கும் நேரம். தக்காளியாக இருந்தால் பாதி அழுகும். செருப்பாக இருந்தால் சீனச் செருப்போடு விலையில் போட்டியிட முடியாது. சில ரசாயனங்களும் உரங்களும் ராணுவ நோக்கிலும் பயன்படக்கூடியவை என்று தடைப்பட்டியலில் இருக்கின்றன. தோல் பதனிடுபவரும் விவசாயியும் அதற்கும் அலைய வேண்டும்.

உள்ளூர்ப் பயணமும் இப்படித்தான். பெத்லஹேமிலிருந்து ரமல்லாவுக்கு இயல்பான வழி ஜெருசலேம் ஊடாகப் போவது. அனுமதி இல்லாதவர்களுக்கு ஜெருசலேம் மூடியிருப்பதால், 'நெருப்புப் பள்ளத்தாக்கு' என்று பொருள்படும் வாதி அல்-நார் மலைச்சாலையில் வளைந்து வளைந்து சுற்றிப் போகிறார்கள். வழியில் ஒரு சோதனைச்சாவடி; அது மூடினால் தெற்கும் வடக்கும் துண்டிக்கப்படும். 2025 தொடக்கத்தில் ஐநா மனிதாபிமான விவகார அலுவலகம் எண்ணிப் பார்த்தபோது மேற்குக் கரையில் சாவடி, இரும்புக் கதவு, மண்மேடு என 849 தடைகள் இருந்தன. காலையில் கதவு திறந்திருக்குமா என்று தெரியாத ஊரில் ஆசிரியர் எப்படிப் பள்ளிக்கு நேரத்தில் போவார்? கர்ப்பிணி எந்த நம்பிக்கையில் மருத்துவமனைக்குப் புறப்படுவார்? பால் பண்ணைக்காரர் எந்தக் கணக்கில் பால் கறப்பார்?

2025 ஆகஸ்டில் இஸ்ரேல் ஒப்புதல் அளித்த 'ஈ-1' குடியேற்றத் திட்டம் இந்தச் சிக்கலின் உச்சம். ஜெருசலேமுக்குக் கிழக்கே சுமார் 3,400 வீடுகள். அவை எழுந்தால் வட மேற்குக் கரைக்கும் தென் மேற்குக் கரைக்கும் இடையே எஞ்சியிருக்கும் நடுவழியும் அடைபடும்.

பூட்டிய கஜானா

1994ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தப்படி பாலஸ்தீனமும் இஸ்ரேலும் ஒரே சுங்க வட்டத்துக்குள் இருக்கின்றன. பாலஸ்தீனர்கள் இறக்குமதி செய்யும் பொருள்களுக்கான வரியை இஸ்ரேல் வசூலித்து, 3 சதவீதம் கட்டணம் எடுத்துக்கொண்டு, மாதந்தோறும் பாலஸ்தீன ஆணையத்துக்கு ஒப்படைக்க வேண்டும். 'மகாஸா' என்று அவர்கள் சொல்லும் இந்தப் பணம் ஆணையத்தின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அதை நிறுத்தி வைப்பது பலமுறை அரசியல் ஆயுதமாகியிருக்கிறது. 2023 அக்டோபரில் நடந்த ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு பிடித்தங்கள் கூடின. 2025 மே மாதத்துக்குப் பிறகு பணம் வருவதே நின்றது. அரசு ஊழியர்களுக்குப் பாதிச் சம்பளம், பள்ளிகள் வாரத்தில் சில நாட்கள் மட்டும், மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாடு. இது உதவிப் பணம் அல்ல. அந்த மக்கள் கடையில் சோப்பும் பெட்ரோலும் வாங்கும்போது கட்டிய வரி.

சொந்த நாணயமும் இல்லை. புழக்கத்தில் இருப்பது இஸ்ரேலின் ஷெக்கல். வட்டி விகிதமும் நாணய மதிப்பும் இன்னொரு நாட்டின் மத்திய வங்கி முடிவு செய்வது. கைப்பேசியில் 3ஜி சேவைகூட 2018 ஜனவரியில்தான் மேற்குக் கரைக்கு வந்தது. அலைக்கற்றையும் இஸ்ரேல் கையில் இருந்ததே காரணம். மின்சாரத்தின் பெரும்பகுதியும் இஸ்ரேலிடமிருந்து வாங்குவதுதான். ஒரு நாட்டை நடத்தத் தேவையான அத்தனை சாவிகளும் இன்னொருவர் இடுப்பில் தொங்கும்போது, அந்த நாட்டின் நிதியமைச்சர் பட்ஜெட் போடுவது ஆற்றில் கோடு கிழிப்பது போன்றது.

ரோத்தக்கில் நின்ற வரிசை

உள்ளூரில் தொழில் வளரவிடாத பொருளாதாரத்தில் மனிதர்களே ஏற்றுமதிப் பண்டம் ஆனார்கள். 2023 அக்டோபருக்கு முன் மேற்குக் கரையிலிருந்து 1,70,000 பேருக்கு மேல் இஸ்ரேலிலும் குடியேற்றங்களிலும் வேலை பார்த்தார்கள். பலர் கட்டடத் தொழிலாளிகள். விடியலுக்கு முன் எழுந்து சாவடி வரிசையில் நின்று போனவர்கள். ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு அவர்களில் பெரும்பாலானவர்களின் அனுமதி ஒரே நாளில் ரத்தானது. வேலையின்மை 30 சதவீதத்தைத் தாண்டியது.

இங்கேதான் இந்தக் கதை நம் வாசலுக்கு வருகிறது. இந்தியத் தொழிலாளர்கள் 42,000 பேரை இஸ்ரேலுக்கு அனுப்புவதற்கான ஒப்பந்தம் 2023 மே மாதத்திலேயே கையெழுத்தாகியிருந்தது. 2024 ஜனவரியில் ஹரியாணாவின் ரோத்தக்கில் ஆளெடுப்பு நடந்தபோது, குளிரில் இளைஞர்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். கொத்தனாரும் தச்சரும் கம்பி கட்டுபவரும் போர் நடக்கும் நாட்டுக்குப் போகத் துணிந்ததற்கு ஊரில் வேலை இல்லாததே காரணம். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால், ஓர் ஏழையை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் இன்னோர் ஏழையை நிறுத்தும் ஏற்பாட்டுக்கு அரசு துணைபோனது தவறு. இந்தியத் தொழிற்சங்கங்கள் அன்று எதிர்த்தது சரி.

இந்தியாவுக்கு இதில் ஒரு பழைய கடமை உண்டு. 1947இல் பாலஸ்தீனப் பிரிவினையை ஐநாவில் எதிர்த்து வாக்களித்தது; 1988இல் பாலஸ்தீன அரசை அங்கீகரித்தது. 2018 பிப்ரவரியில் பிரதமர் மோடி ரமல்லாவுக்கே சென்றார். இரு நாட்டோடும் நட்பு உள்ள நாடு, அந்த நட்பை ஆள் அனுப்ப மட்டும் பயன்படுத்தக் கூடாது.

பாதுகாப்பு என்ற பதில்

இஸ்ரேலின் பதிலைக் கேட்காமல் தீர்ப்பு சொல்வது நியாயமல்ல. இரண்டாவது இன்டிஃபாடா என்ற பாலஸ்தீன எழுச்சியின்போது பேருந்துகளிலும் உணவகங்களிலும் தற்கொலைத் தாக்குதல்களில் நூற்றுக்கணக்கான இஸ்ரேலியர்கள் கொல்லப்பட்டார்கள். 2023 அக்டோபர் 7 அன்று ஏறத்தாழ 1,200 பேர் உயிரிழந்தார்கள். அந்த அச்சம் உண்மையானது. தன் மக்களைக் காப்பது எந்த அரசுக்கும் கடமை.

ஆனால், பாதுகாப்புக்காக என்றால் எல்லையில் காவல் போதும். ஒரு பாலஸ்தீன ஊருக்கும் அடுத்த பாலஸ்தீன ஊருக்கும் நடுவே இரும்புக் கதவு எதற்கு? மழைநீர்த் தொட்டியை இடிப்பதில் யாருடைய உயிர் காக்கப்படுகிறது? பாலஸ்தீன விவசாயி குடிசை போட்டால் ஆபத்தாகும் அதே குன்றில், இஸ்ரேலியக் குடும்பங்கள் குழந்தைகளோடு குடியேறுவது எப்படிப் பாதுகாப்பாகும்? பாதுகாப்பு என்ற சொல் நிலம் எடுப்பதை மறைக்கும் திரையாகிவிட்டது.

பாலஸ்தீனத் தலைமையும் பழிக்குத் தப்ப முடியாது. பாலஸ்தீன ஆணையத்தின் தலைவர் மஹ்மூத் அப்பாஸ் 2005இல் நான்காண்டுப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். நாடாளுமன்றத் தேர்தல் கடைசியாக நடந்தது 2006இல். 2021இல் அறிவித்த தேர்தலும் தள்ளிவைக்கப்பட்டது. மக்களிடம் கணக்குச் சொல்லாத நிர்வாகத்தில் ஊழலும் உறவினர் சலுகையும் வேரூன்றின. இவை திருந்த வேண்டும். ஆனால் மிக நேர்மையான அரசு அமைந்தாலும், சி பகுதியில் ஒரு குழாயைக்கூட அதனால் பதிக்க முடியாது என்பதை மறக்கக் கூடாது.

உலகம் செய்ய வேண்டியது புதிய நன்கொடை மாநாடு அல்ல. மூன்று காரியங்கள் போதும். வசூலித்த வரி யாருடைய விருப்பத்துக்கும் காத்திராமல் மாதந்தோறும் தானாகப் போய்ச் சேர வேண்டும். சி பகுதியில் வீடும் கிணறும் குவாரியும் திட்டமிடும் அதிகாரம் அங்கே வாழ்பவர்களுக்கு வர வேண்டும். குடியேற்ற விரிவாக்கம் நிற்க வேண்டும். இந்தியா தன் குரலை இந்த மூன்றுக்கும் சேர்க்க வேண்டும்.

முடியுமா என்று சலிப்பவர்களுக்கு பத்தீர் என்ற கிராமத்தைக் காட்டுவேன். பெத்லஹேமுக்கு மேற்கே இருக்கும் அந்த ஊரின் படியடுக்கு வயல்களுக்கு ரோமானியர் காலத்து நீர்த்தொட்டியிலிருந்து இன்றும் பாசனம் நடக்கிறது. எட்டுக் குடும்பங்கள் ஆளுக்கொரு நாள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதால் அந்த ஊரில் வாரத்துக்கு எட்டு நாட்கள் என்பார்கள். இந்த வயல்களைக் கிழித்து ராணுவம் தடுப்புச்சுவர் எழுப்ப முயன்றபோது ஊரார் வழக்குப் போட்டார்கள். சுற்றுச்சூழல் ஆர்வலர்களும், இஸ்ரேலின் இயற்கை, பூங்காக்கள் ஆணையமுமே அந்தச் சுவர் வேண்டாம் என்று சொன்னார்கள். 2014இல் யுனெஸ்கோ பத்தீரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2015இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்தில் சுவர்த் திட்டம் நின்றது.

2024 ஆகஸ்டில் அதே பத்தீர் நிலப்பரப்பில் ஒரு புதிய குடியேற்றத்துக்கு இஸ்ரேல் அரசு வழிவகுத்திருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு சுவரை நிறுத்திக் காட்டிய அதே கவனம் மீண்டும் தேவைப்படுகிறது. எட்டு நாள் வாரத்தில் தண்ணீரைப் பகிர்ந்து வாழத் தெரிந்த மக்களுக்கு யாரும் பொருளாதாரம் கற்றுத்தர வேண்டியதில்லை. அவர்கள் வழியில் நிற்பவர்கள் விலகினால் போதும்.